அக்காவின் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம்: தங்கச்சியும் இரத்தம் கொடுக்க வேண்டுமா?

உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு இரண்டாவதாகப் பிறந்த பெண் பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். டவுன் சின்ட்ரோமாக இருக்கலாம் என்று திருகோணமலை ஆஸ்பத்திரியில் சொல்லி, இரத்தம் கொழும்புக்குப் போய், நிறமூர்த்த ரிப்போர்ட்டும் (நிறமூர்த்தம் என்பது குரோமோசோம், கலத்துக்குள் மரபுப் பொருளைச் சுமக்கும் நூல்) வந்துவிட்டது. அதில் 14ஆம் 21ஆம் நிறமூர்த்தங்கள் ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறார்களாம். தாயும் தகப்பனும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்ல, அத்தானின் அம்மா, "பிள்ளை பிறந்தாச்சு, இனி எங்களைச் சோதிச்சு என்னத்தைக் காணப் போறியள்" என்று மறித்துவிட்டார். வீட்டில் ஒரு பெரியவரோ, 46 என்றுதானே எழுதியிருக்கிறது, அது சரியான எண்தானே, ரிப்போர்ட்டே பிழை என்கிறார். தங்கச்சிக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. அவருடைய அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான் மச்சாள். அதனால்தான் இப்படி வந்ததா, தானும் சோதிக்க வேண்டுமா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவும் அத்தானும் இரத்தம் கொடுக்கத்தான் வேண்டும். நீங்கள் இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம். அவர்கள் இருவரின் முடிவும் வந்தால் உங்களுக்குத் தேவையா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். அம்மாவும் அப்பாவும் சொந்தத்துக்குள் கட்டியது இதற்குக் காரணம் இல்லை. ஏன் என்பதை இனி விளக்கமாகவே எழுதுகிறேன். வீட்டில் அக்காவின் மாமிக்கும் பெரியவருக்கும் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும் போலத் தெரிகிறது.

அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்று. பெறாமகளுக்கு இதய ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? டவுன் சின்ட்ரோமோடு பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். வெளியே பார்த்தால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். தைரொய்ட், காது, கண் இவற்றையும் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யார் யாருக்கு இரத்தம் எடுப்பது என்ற வாக்குவாதத்தில் பிள்ளையின் கிளினிக் திகதி தவறிப்போவதை நான் பல தரம் பார்த்திருக்கிறேன். அது நடக்க விடாதீர்கள்.

சரி, பெரியவரின் சந்தேகத்துக்கு வருவோம். அது நியாயமான சந்தேகம்தான். மனிதக் கலம் ஒன்றில் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன என்று சுவீடனின் லுண்ட் நகரில் சரியாக எண்ணிச் சொன்னதே 1956இல்தான். அதுவரை பாடப்புத்தகங்கள் 48 என்று எழுதிக்கொண்டிருந்தன. மூன்று வருடம் கழித்து, 1959இல், பாரிஸில் ஜெரோம் லெஜூனும் மார்த் கோத்தியேயும் இருந்த குழு, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு 47 இருப்பதை வெளியிட்டது. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று. (கலங்களை வளர்த்து எண்ணக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தவர் கோத்தியே. அந்தப் பெண் மருத்துவரின் பங்கு வெளியே பேசப்பட அரை நூற்றாண்டு ஆனது. அதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.) அடுத்த வருடமே லண்டனில் பவுல் பொலானியும் அவரோடு வேலை செய்தவர்களும் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பெண் பிள்ளையின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்த்தார்கள், 46 மட்டுமே இருந்தது. உங்கள் பெரியவர் கேட்கும் அதே கேள்விதான் அங்கேயும் எழுந்தது. உற்றுப் பார்த்தபோது விடை கிடைத்தது: கூடுதலான 21 தனியாக நிற்காமல் இன்னொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையில் அது தெரியாது, ஆனால் பிள்ளையின் உடலில் மூன்று பங்கு 21 இருக்கிறது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். முதலில் 46. அப்புறம் இரண்டு எக்ஸ், பெண் பிள்ளை என்பதற்கு. அடுத்து 'டெர்' அல்லது 'ரொப்' என்று மூன்று ஆங்கில எழுத்து, பக்கத்தில் அடைப்புக்குள் 14;21. வரியின் கடைசியில் கூட்டல் குறியோடு ஒரு 21. இந்தக் கடைசித் துண்டுதான் பெரியவருக்கான பதில். பெறாமகளுக்குத் தனியாக இரண்டு 21, அதற்கு மேல் 14ஓடு ஒட்டிய இன்னொன்று.

டவுன் சின்ட்ரோம் உள்ள நூறு பிள்ளைகளை எடுத்தால் சுமார் 95 பேருக்கு இந்த வரி வேறு மாதிரி இருக்கும்: 47, ஆணா பெண்ணா என்று காட்டும் எழுத்துகள், கூட்டல் 21, அவ்வளவுதான். மூன்றாவது 21 தனியாகவே நிற்கும். இது பெரும்பாலும் தாயின் முட்டை உருவாகும்போது தற்செயலாக நடக்கும் பிரிவுப் பிழை. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். 20 வயதில் சுமார் 1,500 பிரசவத்தில் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். இந்த வகை என்றால் தாய் தகப்பனுக்கு நிறமூர்த்தப் பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படாது. சித்தி, மாமா, பெரியம்மா யாருக்கும் தேவையில்லை. அதே தாய்க்கு அடுத்த பிள்ளையிலும் வரும் வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று, அல்லது அவருடைய வயதுக்கான கணக்கு. எது பெரிதோ அது. நூறில் ஒன்று இரண்டு பேருக்குச் சில கலங்களில் மட்டும் 47 இருக்கும். மிச்சமுள்ள மூன்று நான்கு பேர்தான் உங்கள் பெறாமகளின் வகை, ஒட்டு வகை.

அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: குடும்பப் பரிசோதனை பிள்ளையின் ரிப்போர்ட்டில் இருந்து தொடங்க வேண்டும். முகத்தைப் பார்த்தே டவுன் சின்ட்ரோம் என்று தெரிகிறதே, எதற்கு இரத்தம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று வகைப் பிள்ளைகளும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். எந்த வகை என்று முகம் சொல்லாது. பிள்ளையின் ரிப்போர்ட் இல்லாமல் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கு ஓடுவதில் பயனில்லை. உங்கள் டொக்டர் சரியான வரிசையில்தான் போயிருக்கிறார்.

ஒட்டு எப்படி நடக்கிறது? 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து நிறமூர்த்தங்களுக்கும் ஒரு பக்கக் கை மிகக் குட்டையாக இருக்கும். அந்தக் குட்டைக் கையில் உள்ள மரபுச் சரக்கு மற்ற நான்கிலும் பிரதியாக இருப்பதால், இரண்டு நிறமூர்த்தங்கள் குட்டைக் கைகளை இழந்து நீளக் கைகளால் ஒன்றாக ஒட்டிக்கொண்டாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராது. இப்படி ஒட்டுள்ளவர்கள் ஆயிரம் பேரில் ஒருவர் இருக்கிறார்கள். அதாவது திருகோணமலை டவுனிலேயே பலர் இருப்பார்கள், அவர்களுக்கே தெரியாமல். எண்ணிப் பார்த்தால் 45. ஆனால் சரக்கில் குறையும் இல்லை, கூடவும் இல்லை. நோயில்லை, அறிவில் குறையில்லை, ஆயுளில் குறையில்லை. இவர்களைத் தாங்கி என்று சொல்வோம்.

தாங்கிக்குச் சிக்கல் வருவது பிள்ளை பெறும்போதுதான். முட்டையோ விந்தோ உருவாகும்போது ஒவ்வொரு சோடியும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். கல்லோயா சந்தியில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ரயில் பாதை பிரிகிறது அல்லவா? இரண்டு பெட்டிகளைக் கழற்ற முடியாதபடி ஒன்றாகப் பூட்டிவிட்டால், ஒன்று திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போக வழியில்லை. இரண்டும் ஒரே பக்கம்தான் போகும். 14உம் 21உம் ஒட்டிய நிறமூர்த்தம் அப்படித்தான் போகிறது.

உங்கள் அக்கா தாங்கி என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் தனி 14 ஒன்று, தனி 21 ஒன்று, ஒட்டு ஒன்று. இந்த மூன்றும் இரண்டு பக்கமாகப் பிரிய மூன்று வழி உண்டு, அதனால் ஆறு வகை முட்டை உருவாகலாம். தனி 14உம் தனி 21உம் போனால் பிள்ளை முற்றிலும் வழமையானது. ஒட்டு மட்டும் போனால் பிள்ளை தாயைப் போலவே சுகமான தாங்கி. ஒட்டும் தனி 21உம் சேர்ந்து போனால் பெறாமகளைப் போல டவுன் சின்ட்ரோம். மிச்ச மூன்று வகைகளில் 14 கூடும், அல்லது 14 குறையும், அல்லது 21 குறையும். அந்தக் கருக்கள் நிலைப்பதில்லை. சில, மாதவிடாய் சற்றுத் தள்ளிப்போனது போலவே முடிந்துவிடும். சில கருச்சிதைவாகத் தெரியும்.

பிறக்கக்கூடியவை மூன்று வகை என்பதால் டவுன் சின்ட்ரோமுக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போடத் தோன்றும். நடைமுறை அதைவிட நல்லது. தாய் தாங்கியாக இருந்தால் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 10 முதல் 15 வரைதான். தகப்பன் தாங்கியாக இருந்தால் நூற்றில் ஒன்று இரண்டு, அவ்வளவுதான். ஒரே ஒட்டு, ஆனால் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம். அத்தானும் ஏன் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. (14க்குப் பதில் 21உம் 21உம் ஒட்டிய அபூர்வ வகை ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் அதன் தாங்கி என்றால் பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் டவுன் சின்ட்ரோம்தான். உங்கள் குடும்பத்தின் வகை அது இல்லை.)

இன்னொரு பக்கமும் உண்டு. ஒட்டு வகையில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன் இருவருமே வழமையானவர்கள். ஒட்டு அந்தப் பிள்ளையிடம்தான் முதன்முதலாக உருவாகியிருக்கும். அக்காவுக்கும் அத்தானுக்கும் 46 என்று வந்தால் கதை அங்கேயே முடிந்தது. உங்களுக்குப் பரிசோதனை இல்லை, மாப்பிள்ளை வீட்டில் சொல்ல ஒன்றும் இல்லை, அக்காவுக்கு அடுத்த பிள்ளையிலும் வாய்ப்பு மிகக் குறைவு. மாமி இதை யோசிக்கவில்லை. இரத்தம் கொடுத்தால் கெட்ட செய்திதான் வரும் என்று அவர் நினைக்கிறார். நல்ல செய்தி வருவதற்கான வாய்ப்பும் அந்தக் குப்பியில்தான் இருக்கிறது.

மாமியின் பயம் எனக்கு விளங்குகிறது. ரிப்போர்ட் வந்தால் யாரோ ஒருவரின் பெயர் அதில் இருக்கும், அது மகனின் பெயராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சில வீடுகளில் இது நேர்மாறாக, மருமகளின் பெயர் வரும் என்ற எதிர்பார்ப்போடு அனுப்புவார்கள். மூதூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம். மருமகளுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு. கை மருந்து, நேர்த்தி, பிறகு ஊர்ப் பேச்சு என்று அந்தப் பெண் படாத பாடு பட்டார். கடைசியில் சோடியாக இரத்தம் கொடுத்தபோது தாங்கி கணவர். அது வேறு வகை, இரண்டு நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்ட வகை. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து சோடிகளில் ஒருவர் இப்படித் தாங்கியாக இருப்பார். அது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டைக் கேட்டதும் அந்தக் கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் இவவைத்தானே எல்லாரும் ஏசினது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர்களுக்கு ஒரு பிள்ளை சுகமாகப் பிறந்தது. தாங்கியான தம்பதிகளில் பெரும்பாலோர் கடைசியில் சுகமான பிள்ளையைப் பெறுகிறார்கள் என்பதையும் மாமியிடம் சொல்லுங்கள்.

இங்கே நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். அக்காவுக்கும் உங்களுக்கும் இடையில் அம்மாவுக்கு இரண்டு கரு கலைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கி வீடுகளில் இப்படி நடப்பதுண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதியளவில் ஏதோ ஒரு நிறமூர்த்தப் பிழை இருக்கும், அதில் மிகப் பெரும்பாலானவை குடும்பத்தோடு சம்பந்தமில்லாத தற்செயல். இரண்டு கருச்சிதைவு எந்த வீட்டிலும் நடக்கும். கிளினிக்கில் டொக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சகோதரிகள், அப்பாவின் சகோதரிகள் வீட்டில் கரு கலைந்ததா, வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் பிறந்தார்களா, சிறு வயதில் இறந்தார்களா என்று மெல்லக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்த மாதிரி விஷயங்கள் ஆண்களுக்குத் தெரியாது. வீட்டில் மூத்த பெண் யாரோ அவரிடம்தான் கேட்க வேண்டும். அம்மம்மா இருக்கிறார் என்றால் அவரைவிட நல்ல ஆள் இல்லை. அந்தத் தாள் இல்லாமல் போகும் குடும்பத்துக்கு டொக்டர் அதே கேள்விகளைக் கேட்பார், யாருக்கும் பதில் தெரியாது, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

சொந்தத்துக்குள் கட்டியதைப் பற்றி. எங்கள் மாவட்டத்தில் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் மச்சான் மச்சாள் கலியாணம் புதிதல்ல, அதனால் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் பழி முதலில் அங்கே போகிறது. சொந்தத்துக்குள் கட்டினால் கூடும் நோய்கள் வேறு. தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பரம்பரையலகில் (ஜீனில்) ஒரே பிழை மறைந்திருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் அது வந்து சேரும் நோய்கள் அவை. தலசீமியா என்ற இரத்த நோய் அப்படிப்பட்டது. அங்கே பழுது ஒரு தனி அலகில். நிறமூர்த்தத்தை எண்ணினால் 46தான் வரும், எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். அதற்குப் பரிசோதனையும் வேறு. நிறமூர்த்த ஒட்டுக்கு ஒரே ஒரு தாங்கி போதும், மற்றவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். அக்காவும் அத்தானும் சொந்தமா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படி இருந்தாலும் காரணம் அதுவல்ல. ஆனால் உங்களுக்குப் பேசும் மாப்பிள்ளை சொந்தத்துக்குள் என்றால் எனக்குச் சொல்லுங்கள். ஒட்டு உங்கள் அம்மம்மா வழியாகவோ அப்பப்பா வழியாகவோ வருவதாக இருந்தால் அதே வழியில் வந்த மச்சானிடமும் அது இருக்கக்கூடும், அப்போது அவரையும் பார்க்க வேண்டும்.

பரிசோதனை என்றதும் பெரிய ஏற்பாடு என்று பயப்படுகிறார்கள். கையில் இருந்து கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான். பட்டினி கிடக்கத் தேவையில்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உள்ள மனித மரபியல் பிரிவு நீண்ட காலமாக இதைச் செய்து வருகிறது, தனியார் ஆய்வுகூடங்களும் செய்கின்றன. ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே கண்ணால் பாருங்கள்: இரத்தம் பச்சை மூடிக் குப்பியில் போகிறதா என்று. வழமையான இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குப்பி இதற்குச் சரிவராது. மற்றப் பரிசோதனைகளில் இரத்தம் அப்படியே அளக்கப்படுகிறது. இங்கே வெள்ளைக் கலங்கள் உயிரோடு போய்ச் சேர்ந்து, அங்கே பெருக வேண்டும். அதனால் உறைய வைக்கக் கூடாது, பார்சலில் நாள்கணக்கில் கிடக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் கலங்களைத் தூண்டிவிடும் ஒரு மருந்தைச் சேர்த்து 37 பாகைச் சூட்டில் சுமார் மூன்று நாள் வளர்ப்பார்கள். கலம் இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் அதை அப்படியே நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவைத்து, கண்ணாடித் தட்டில் சொட்டவிட்டு, சாயமிட்டால் நிறமூர்த்தங்கள் கறுப்பு வெள்ளை வரிகளோடு தெரியும். ஒரு கலத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லமாட்டார்கள், வழக்கமாக 20 கலங்களாவது பார்ப்பார்கள். முடிவு வரச் சில வாரம் எடுக்கும். 250 கிலோமீட்டருக்கு மேல் இரத்தத்தைத் தனியே அனுப்புவதைவிட, முடிந்தால் அக்காவும் அத்தானும் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய் அங்கேயே கொடுத்துவிட்டு வருவது நல்லது என்பது என் எண்ணம். குப்பி பழுதாகி இரண்டாம் முறை ஊசி குத்தும் தொல்லை இருக்காது. மரபியல் டொக்டரோடு இருந்து கதைக்கவும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். போகும்போது பிள்ளையின் ரிப்போர்ட்டை மறக்க வேண்டாம். எந்த ஒட்டைத் தேட வேண்டும் என்று அதுதான் சொல்லும்.

அக்காவின் ரிப்போர்ட்டில் 45 என்று வந்தால்? அப்போது உங்கள் முறை. அக்காவுக்கு அந்த ஒட்டு பெரும்பாலும் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும், அப்படியென்றால் உங்களுக்கும் இரண்டில் ஒன்று அளவில் வாய்ப்பு இருக்கிறது. அம்மா அப்பா இருவரும் இரத்தம் கொடுக்கச் சம்மதித்தால் முதலில் அவர்களைப் பார்க்கலாம். இருவரிடமும் இல்லை என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சகோதரங்களுக்குச் சொன்னால் போதும், மற்றப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தானுக்கு 45 என்றால் உங்கள் குடும்பத்துக்கு இதில் வேலையே இல்லை, அவருடைய சகோதரங்கள்தான் பார்க்க வேண்டும். மாமி கடைசி வரை விடவில்லை, அத்தானும் அம்மா சொல்லைத் தாண்டவில்லை என்றால்கூட நீங்கள் முடங்க வேண்டியதில்லை. பெறாமகளின் ரிப்போர்ட் கையில் இருப்பதால் நீங்கள் நேரே போய் உங்கள் இரத்தத்தைக் கொடுக்கலாம். ஆனால் அக்கா தனியாகக் கொடுத்தால்கூட உங்கள் பக்கத்துக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். அவரோடு மனம்விட்டுக் கதையுங்கள்.

இனி மாப்பிள்ளை வீடு. இது மருத்துவம் தாண்டிய கேள்வி, ஆனாலும் கேட்டதால் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். உங்களுக்கே தெரியாத ஒன்றை இப்போது போய்ச் சொல்லிப் பேச்சைக் குழப்ப வேண்டாம். முடிவு தெரிந்து, நீங்கள் தாங்கி என்றால், கலியாணத்துக்கு முதல் அந்தப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். தரகர் வழியாகவோ சீதனப் பேச்சுக்கு நடுவிலோ போக வேண்டிய செய்தி அல்ல இது. சொல்லும்போது எண்களோடு சொல்லுங்கள்: எனக்கு நோய் இல்லை, பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 85க்கு மேல் டவுன் சின்ட்ரோம் இல்லாமல் பிறக்கும், கரு கலையும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூட. இதைக் கேட்டுவிட்டு ஒருவர் பின்வாங்கினால் உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு முதல் கரு கலையும்போது அவருக்குத் தெரியவந்து, மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுவது அதைவிடக் கொடுமை. அந்தப் பேச்சு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

தாங்கி என்று தெரிந்தால் கருத்தரித்த பிறகு என்ன செய்யலாம்? 10 வாரத்துக்குப் பிறகு தாயின் இரத்தத்தில் மிதக்கும் நச்சுக்கொடியின் மரபுப் பொருளை வைத்து 21 கூடியிருக்கிறதா என்று ஊகிக்கும் பரிசோதனை இருக்கிறது. அது சந்தேகத்தைச் சொல்லும், தீர்ப்பைச் சொல்லாது. தீர்ப்பு வேண்டும் என்றால் 15 வாரத்துக்குப் பிறகு கர்ப்பப்பை நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும்; அதில் கரு கலையும் ஆபத்து சிறிதாக, நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் சொல்லும்போது எங்கள் நாட்டுச் சட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி. பிள்ளைக்கு நிறமூர்த்தக் குறை என்பது அதில் வராது. அப்போது முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். சில தாய்மாருக்குப் பயன் உண்டு: பிள்ளையின் இதயத்தை வயிற்றிலேயே ஸ்கேன் செய்து பார்க்கலாம், பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம், வீட்டாரின் மனதைத் தயார் செய்யலாம். சிலருக்கு ஊசியின் ஆபத்தும் இல்லாத மன உளைச்சலும் வேண்டாம், வருவது வரட்டும் என்றிருக்கும். இரண்டும் சரி. யாரும் உங்களை ஒரு பக்கம் தள்ளக் கூடாது, டொக்டரும் தள்ளக் கூடாது. சோதனைக் குழாயில் கருவை உருவாக்கி, ஒட்டுக் கணக்குச் சரியான கருவை மட்டும் தேர்ந்து வைக்கும் முறையும் உலகில் இருக்கிறது; செலவும் அலைச்சலும் மிக அதிகம், 14;21 தாங்கிகளில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை.

மற்ற நிறமூர்த்தக் குறைகளையும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் பிள்ளைக்கு ஒரு எக்ஸ் மட்டும் இருக்கும் டர்னர் சின்ட்ரோம், ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடும் கிளைன்ஃபெல்டர் சின்ட்ரோம் இரண்டும் பெரும்பாலும் தற்செயல், குடும்பத்தைச் சோதிக்கத் தேவையில்லை. ஒரு நிறமூர்த்தத்தில் துண்டு குறைந்திருக்கிறது அல்லது கூடியிருக்கிறது என்று வந்தால் தாய் தகப்பனைப் பார்க்க வேண்டும். 22ஆம் நிறமூர்த்தத்தில் நுண்ணிய துண்டு ஒன்று குறையும் நோயில் பத்தில் ஒரு பிள்ளைக்கு அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருகிறது. அந்தப் பெற்றோருக்கு அறிகுறி பெரும்பாலும் மிகச் சிறிதாக இருக்கும், பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இது சாதாரண நிறமூர்த்தப் பரிசோதனையில் தெரியாத அளவு சிறியது. ஆகவே 46, எல்லாம் சரி என்று ஒரு ரிப்போர்ட் வந்தாலும், பிள்ளைக்கு இதயக் குறையும் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்து இருந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்த கட்டப் பரிசோதனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக அக்காவின் மூத்த மகன். ஐந்து வயது என்றீர்கள். அக்கா தாங்கி என்று வந்தால் எல்லோரும் உடனே அவனையும் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். வேண்டாம். அவன் சுகமாக வளர்கிறான். தாங்கியாக இருந்தாலும் பிள்ளை பெறும் வயது வரை அதனால் அவனுக்கு ஒன்றும் வரப்போவதில்லை. தெரிந்துகொள்வதா இல்லையா என்று முடிவெடுக்கும் உரிமை அவனுடையது. அக்காவின் ரிப்போர்ட்டையும் பெறாமகளின் ரிப்போர்ட்டையும் பிரதி எடுத்து, அவனுடைய பிள்ளை சுகாதாரப் பதிவேட்டோடு ஒரு உறையில் வைத்துவிடச் சொல்லுங்கள். 18 தாண்டியதும் அக்காவே எடுத்துக் கொடுக்கட்டும்.